கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: உங்கள் கணினியைத் திருத்த யாரும் தாமாக அழைக்க மாட்டார்கள்

வந்து இறங்கிய முதல் மாதத்தில் செய்ய வேண்டியவற்றை உங்களுக்கு முன்னே வந்த உறவினர்கள் சொல்லியிருப்பார்கள். சின் எனப்படும் சமூகக் காப்புறுதி இலக்கம் எடுக்க வேண்டும், வங்கியில் கணக்குத் திறக்க வேண்டும், சுகாதார அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், கைத்தொலைபேசி இணைப்பு வாங்க வேண்டும். கடவுச்சீட்டையும் குடிவரவுப் பத்திரங்களையும் ஒரே உறையில் வைத்துக்கொண்டு அலைந்தால் ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்தத் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கிய பிறகு என்ன நடக்கும் என்பதை மட்டும் எங்கள் சின்னம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. விமான நிலையத்தில் இருந்து அழைத்துவந்த நானும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சின்னம்மா யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். ஏமாளி அல்ல. சந்தையில் தராசு முள்ளைப் பார்த்துத்தான் காசு கொடுப்பார். ஸ்காபரோவுக்கு வந்து நான்காவது மாதம், ஆங்கில வகுப்புக்காக மகன் வாங்கிக் கொடுத்த மடிக்கணினியோடு பகலில் தனியாக இருந்தார். காலை பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தில் இருந்து பேசுவதாகவும், அவருடைய கணினியில் இருந்து கிருமி பரவுவதாகவும் ஒருவன் சொன்னான். சின்னம்மாவின் பேச்சைக் கேட்டதும் 'இலங்கையா?' என்று விசாரித்தான்.

ஊரில் கணினி பழுதானால் நாமே தூக்கிக்கொண்டு சந்தியில் இருக்கும் கடைக்குப் போவோம். அங்கே யாராவது அழைத்து 'உங்கள் கணினி பழுது, நான் திருத்தித் தருகிறேன்' என்று சொல்லியிருந்தால் சின்னம்மா அப்போதே வைத்திருப்பார். இங்கே வைக்கவில்லை. 'வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கும், இதுவும் அப்படி ஒரு சேவை என்று நினைத்தேன்' என்று பிறகு சொன்னார். வரிசையில் நிற்கும் ஒழுங்கையும், நேரத்துக்கு வரும் பஸ்ஸையும், சிரித்த முகத்தோடு பேசும் அலுவலரையும் பார்த்துப் பார்த்து நமக்குள் வளரும் மரியாதை அது. அந்த மரியாதையை அவன் தனக்கு எடுத்துக்கொண்டான்.

அவன் காட்டிய ஆதாரங்களைக் கவனமாகப் படியுங்கள். உங்களுக்கும் இவற்றையேதான் காட்டுவார்கள். முதலில் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தச் சொல்லி, ஈவென்ட் வியூவர் என்ற பதிவேட்டைத் திறக்க வைத்தான். சிவப்பு அடையாளங்களும் மஞ்சள் முக்கோணங்களும் வரிசையாக நின்றன. 'ஒவ்வொன்றும் ஒரு கிருமி' என்றான். உண்மையில் அது கணினி தனக்காக எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. ஏதாவது ஒரு மென்பொருள் சரியாகத் தொடங்காவிட்டாலும் அதில் ஒரு வரி ஏறும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் என்னுடைய கணினியிலும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

அடுத்தது இன்னும் மோசம். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஒரு சொல்லைத் தட்டச்சு செய்ய வைத்தான். கடைசியில் ஒரு நீண்ட இலக்கம் வந்தது. 'இது உங்கள் கணினியின் தனி இலக்கம். எங்கள் பதிவில் இருப்பதை வாசிக்கிறேன், சரியா என்று பாருங்கள்' என்று சொல்லி, மூன்று எட்டு, டி, சி, ஏ, ஆறு, பூச்சியம் என்று வாசித்தான். சின்னம்மா ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். அத்தனையும் பொருந்தின. கணக்கு ஆசிரியருக்கு இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? ஆனால் அந்த இலக்கம் உலகத்தில் உள்ள எல்லா விண்டோஸ் கணினிகளிலும் ஒன்றுதான். கோப்பைச் சுருக்கி அனுப்பும் ஒரு வசதிக்கு விண்டோஸ் வைத்திருக்கும் அடையாளம் அது. இதைச் சின்னம்மாவுக்கு என் கணினியிலும் மகனின் கணினியிலும் திறந்து காட்டியபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அதன்பிறகு தொலைவில் இருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் என்ற மென்பொருளை இறக்க வைத்தான். அந்த மென்பொருளில் குற்றம் இல்லை, அலுவலகங்களில் தினமும் பயன்படுவதுதான். யாருக்குத் திறந்துவிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அரை மணி நேரம் திரையில் எதையெதையோ ஓடவிட்டு, 'துப்புரவாக்கிவிட்டேன்' என்று சொல்லிக் கடனட்டையில் 349 டொலர் எடுத்தான்.

அத்தோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மூன்று வாரம் கழித்து மறுபடியும் அழைத்தான். நிறுவனத்தை மூடுகிறார்களாம், 349 டொலரையும் திருப்பித் தருகிறார்களாம். கணினியைத் திறந்து வங்கிக் கணக்குக்குள் போகச் சொன்னான். திரை ஒரு நிமிடம் கறுத்தது. திரும்ப வந்தபோது செலவுக்கான கணக்கில் 3,349 டொலர் கூடியிருந்தது. உடனே அவன் குரல் உடைந்தது. 'அம்மா, ஒரு மூன்றைக் கூடுதலாக அடித்துவிட்டேன். என் வேலை போய்விடும், எனக்கு இரண்டு பிள்ளைகள்' என்று அழுதான்.

அந்த 3,349 டொலர் சின்னம்மாவின் சொந்தச் சேமிப்புக் கணக்கில் இருந்த காசு. திரை கறுத்திருந்த ஒரு நிமிடத்தில் அதை ஒரு கணக்கில் இருந்து மற்றக் கணக்குக்கு நகர்த்தியிருந்தான். வெளியில் இருந்து ஒரு சதமும் வரவில்லை. ஆனால் சின்னம்மா கண்ணால் பார்த்தது தன் கணக்கில் அடுத்தவனுடைய காசு. பேரப்பிள்ளைகளின் வருடப்பிறப்புக் கைவிசேடத்தைக்கூடத் தனியாக எழுதி வைப்பவர் அவர். மற்றவனுடைய காசு ஒரு இரவுகூடத் தன்னிடம் தங்கக் கூடாது என்று பதறிவிட்டார். எனக்கு இன்னும் ஆறாதது இதுதான். அவருடைய பேராசையை அவன் தொடவே இல்லை. அவருடைய நேர்மையைப் பிடித்துத்தான் இழுத்தான்.

கூடுதலாக வந்த 3,000 டொலரைப் பரிசு அட்டைகளாகத் திருப்பித் தரச் சொன்னான். தொலைபேசியைத் துண்டிக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும், கேட்டால் பேரப்பிள்ளைகளுக்கு என்று சொல்ல வேண்டும். காசாளர் பெண் 'யாராவது வாங்கச் சொன்னார்களா?' என்று கேட்டிருக்கிறார். சொல்லிக்கொடுத்த பதிலையே சின்னம்மா சொன்னார். ஆறு அட்டைகள், ஒவ்வொன்றும் 500 டொலர். சாப்பாட்டு மேசையில் இருந்து, பணப்பையில் கிடந்த ஊர்க் காசு ஒன்றால் பின்பக்கத்தைச் சுரண்டி, இலக்கங்களை வாசித்துக் கொடுத்தார். சுரண்டிய வெள்ளித் தூளை மேசைத் துணியோடு உதறிவிட்டுச் சோறு வைக்கப் போனார். பதினொரு நாள் எங்களில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இனி நான் சொல்வதைக் கட்டளை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசொஃப்டோ, ஆப்பிளோ, இணைய இணைப்புத் தரும் நிறுவனமோ உங்கள் கணினியில் கிருமி என்று தாமாக அழைப்பதில்லை. உள்ளூர் இலக்கம் தெரிகிறது என்று நம்பாதீர்கள், திரையில் தெரியும் இலக்கத்தை அவர்கள் மாற்றிக் காட்ட முடியும். மைக்ரோசொஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி இலக்கம் இருக்காது. சங்கு ஊதுவதுபோல ஒலி எழுப்பி, திரையை நிறைத்து, 'இந்த இலக்கத்தை அழையுங்கள்' என்று ஒன்று வந்தால், கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, திறக்கும் பட்டியலில் உலாவியைத் தெரிந்து மூடுங்கள். முடியாவிட்டால் மின்விசையை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்துவிடுங்கள். சேமித்து வைத்த ஒன்றும் அழியாது. அச்சு இயந்திரம் ஓடவில்லை என்று கூகுளில் உதவி இலக்கம் தேடுகிறீர்களா? மேலே விளம்பரமாக வருவதை அழைக்காதீர்கள். அங்கேயும் இவர்கள் காத்திருக்கிறார்கள். கடன், வரி, அபராதம், எதுவாக இருந்தாலும் பரிசு அட்டையில் கட்டச் சொல்பவன் திருடன். இந்த நாட்டில் எந்த அரசு அலுவலகமும் அப்படி வாங்குவதில்லை.

மரியாதையாக விடைபெறத் தேவையில்லை. பெரியவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிடுவது மரியாதைக் குறைவு என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

அவர்களைக் கணினிக்குள் விட்டுவிட்டீர்கள் என்றால், முதலில் இணையப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்குங்கள். வங்கி அட்டையின் பின்னால் அச்சிட்டிருக்கும் இலக்கத்தை அழைத்து எல்லாக் கணக்குகளையும் நிறுத்தச் சொல்லுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியில் இருந்து மாற்றுங்கள், மின்னஞ்சலை முதலில். கணினியை முழுதாக அழித்து விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டும். சின் இலக்கத்தையும் சொல்லியிருந்தால் ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற கடன் பதிவு நிறுவனங்கள் இரண்டிலும் மோசடி எச்சரிக்கை பதியுங்கள். அட்டைகளையும் ரசீதையும் எறியாதீர்கள், அட்டையை வெளியிட்ட நிறுவனத்தை உடனே அழைத்தால் செலவழியாத மிச்சத்தை முடக்க இடமுண்டு. கனடிய மோசடித் தடுப்பு மையத்தின் இலக்கம் 1-888-495-8501. ரொறன்ரோ பொலிசின் அவசரமற்ற இலக்கம் 416-808-2222. முறைப்பாடு செய்தால் விசா, குடியுரிமை பாதிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாதிக்கப்பட்டவர் நீங்கள்.

எங்களுக்குக் கடனட்டையில் போன 349 டொலர் முறைப்பாட்டுக்குப் பிறகு திரும்பக் கிடைத்தது. அட்டைகளில் போன 3,000 டொலர் போனதுதான். பதினொரு நாளில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் ஓரிரண்டு அட்டையாவது தப்பியிருக்கலாம். ஆனால் சின்னம்மா ஏன் மறைத்தார் என்று எனக்குத் தெரியும். மகன் அறிந்தவுடன் முதலில் கேட்டது 'படித்த நீங்கள் இப்படிச் செய்யலாமா?' என்பதுதான். அந்தக் கேள்வியை உங்கள் வீட்டில் யாரும் கேட்க வேண்டாம்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு இன்னொரு அழைப்பு வந்தது. இழந்த காசை மீட்டுத் தருகிறோம், கட்டணம் 200 டொலர் மட்டும் என்றான். ஒருமுறை ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு இப்படி அழைப்பதும் இவர்களின் வழக்கம். நான் அப்போது அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். சின்னம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் தொலைபேசியை வைத்தார். பிறகு கொப்பியை எடுத்து, அழைத்த இலக்கத்தையும் நேரத்தையும் குண்டு எழுத்தில் எழுதி, மோசடித் தடுப்பு மையத்துக்குச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் நீட்டினார்.