மழையில் திடீரென்று நொண்டிய குதிரை: என் அனுபவம்

வருஷம் முழுக்க நன்றாக ஓடிய குதிரை, சென்னையில் ஐப்பசி மழை பிடித்ததும் ஒரு காலைத் தரையில் ஊன்றவே மறுத்தது. முந்தின மாலை வரை ஒன்றுமில்லை. எலும்பு முறிவோ என்று பதறத் தோன்றும். பல சமயம் குளம்புக்குள் கட்டிய சீழ்தான்.

தொட்டுப் பார்த்தால் அந்தக் குளம்பு மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும். கணுவுக்குப் பின்னால் விரல் வைத்தால் நாடி தடதடக்கும். நல்ல காலில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

லாடத்தைக் கழற்றி, இடுக்கியால் அழுத்தி வலிக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, கால்நடை மருத்துவர் சிறு துளை போட்டார். கறுத்த, நாற்றமடிக்கும் நீர் வடிந்ததும் வலி குறைந்தது. நாமே கத்தியெடுத்துத் தோண்டக் கூடாது. துளை பெரிதானால் ஆற வாரக்கணக்கில் ஆகும்.

பிறகு வெதுவெதுப்பான நீர் அரை வாளி, எப்சம் உப்பு 2 கைப்பிடி, தினம் 20 நிமிடம், 3 நாள். அதிகம் ஊறினால் குளம்பு மெத்தென்றாகிவிடும். துடைத்துவிட்டு, போவிடோன் அயோடின் நனைத்த பஞ்சு, மேலே குழந்தை டயப்பர் (சிரிக்காதீர்கள், இதைவிடப் பொருத்தமான கட்டு கிடையாது), அதன்மேல் துணி டேப். டேப் குளம்போடு நிற்கட்டும். மேலே தோலில் இறுக்கினால் ரத்தவோட்டம் கெடும். டெட்டனஸ் ஊசி பாக்கி இருந்தால் அன்றே போட்டுவிடுங்கள், குதிரைக்கு அது உயிர்ப் பிரச்சினை.

தவறு என்னுடையதுதான். 6 முதல் 8 வாரத்துக்குள் மாற்ற வேண்டிய லாடம் 10 வாரம் வரை தள்ளிப்போனது. குளம்பு நனைந்தும் காய்ந்தும் வெடித்து, குளம்பின் சுவரும் அடிப்பாகமும் சேரும் வெள்ளைக்கோடு விரிந்து, மணல் உள்ளே ஏறியிருந்தது. இப்போது லாயத்தில் விரித்த மரத்தூள் நனைந்தால் தினமும் அள்ளிவிடுகிறேன். மார்கழியில் மறுபடி சேணம் ஏறியது.