‘தி பல்னோய்?’ என்று கேட்டுவிடாதீர்கள்: ரஷ்யப் பெயரடைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரஷ்ய மொழி கற்க வரும் ஒவ்வொரு அணியும் அதே தவறுகளை அதே வரிசையில் செய்கிறது. பால், எண், வேற்றுமைக்கு ஏற்ப விகுதியை மாற்ற மறப்பதை இங்கே எடுக்கப்போவதில்லை. அதைப் பயிற்சி திருத்திவிடும்; தப்பாகச் சொன்னாலும் கேட்பவருக்குப் பொருள் புரிந்துவிடும். நம்மை மாட்டிவிடுவது வேறு வகைத் தவறு. விகுதி சரி, உச்சரிப்பு சரி, இலக்கணமும் சரி. ஆனால் கேட்டவர் முகம் சுண்டிப்போகிறது. ரஷ்யப் பெயரடை பண்பை மட்டும் சொல்லிவிட்டு நிற்பதில்லை. அந்தப் பண்பைப் பேசுகிறவர் எப்படி எடைபோடுகிறார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

முழுவடிவத்தையும் குறுவடிவத்தையும் கலப்பது

ரஷ்யப் பெயரடைகள் பலவற்றுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு: விகுதி நீண்ட முழுவடிவம் (பல்னோய்), அதைக் குறுக்கிய குறுவடிவம் (போலென்). இவற்றைக் கலக்கும் இந்த ஒரு தவறுதான் அதிகச் சேதம் செய்கிறது. ஆண்டுக்கணக்காகப் படித்தவர்களும் இதைச் செய்வதைக் கேட்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் முதல் மாதத்திலேயே சரிசெய்யக்கூடிய தவறு இது.

விடுதி அறையில் ஒருவன் சளிபிடித்துப் போர்வைக்குள் சுருண்டிருக்கிறான். புதிதாக வந்த நம் மாணவர் அக்கறையோடு ‘தி பல்னோய்?’ என்று கேட்கிறார். அகராதியில் தி என்றால் நீ, பல்னோய் என்றால் நோயுற்ற என்றுதான் போட்டிருக்கும். ஆனால் படுத்திருப்பவன் காதில் விழுவது ‘உனக்கென்ன, பைத்தியமா?’ என்பது. ‘தி ஷ்தோ, பல்னோய்?’ என்பது தெருச்சண்டையில் வரும் வசவு. கேட்க வேண்டியது ‘தி ஸபலேல்?’ (பெண்ணானால் ‘ஸபலேலா’) அல்லது ‘தி பலேயெஷ்?’. இரண்டும் வினைச்சொற்கள். பெயரடைதான் வேண்டும் என்றால் குறுவடிவம்: போலென், பெண்ணுக்குப் பல்னா, மரியாதைக்குப் பல்னி.

ஏன் இப்படி? பயனிலையாக நிற்கும்போது முழுவடிவம் பெரும்பாலும் ஆளின் நிலையான குணத்தைச் சொல்லும். குறுவடிவம் இப்போதைய நிலையையோ, இன்னொன்றோடு ஒப்பிட்ட அளவையோ சொல்லும். ‘ஓன் ஸ்லோய்’ என்றால் அவன் கொடியவன். ‘ஓன் ஸோல்’ என்றால் அவன் இப்போது கோபமாக இருக்கிறான். காலையில் எரிந்து விழுந்த ஆசிரியரைப் பற்றி முதலாவதைச் சொன்னால், அவர் பிறவிக் குணத்துக்கே தீர்ப்பு எழுதியதாகிவிடும்.

‘அனா ஹரோஷயா’ என்றால் அவள் நல்லவள். ‘அனா ஹரஷா’ என்றால் அவள் பார்க்க அழகாக இருக்கிறாள். நண்பனின் மனைவியைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் மாற்றிப் போடுவது நல்லதல்ல. இதே சொல்லின் ஆண்பால் குறுவடிவமான ‘ஹரோஷ்’ பேச்சுவழக்கில் ‘போதும், நிறுத்து’ என்றும் வரும். கோப்பையில் தேநீர் ஊற்றும்போது எதிரில் இருப்பவர் ‘ஹரோஷ், ஹரோஷ்!’ என்றால் அது பாராட்டு இல்லை. இன்னும் ஊற்றினால் மேசையில் வழியும்.

மருத்துவம் படிக்க ரஷ்யா போகும் நம் பிள்ளைகள் இன்னொரு இணையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ப்லஹோய்’ என்பது கெட்ட, தரம் குறைந்த. குறுவடிவமான ‘ப்லோஹ்’ ஒரு நோயாளியைப் பற்றி வந்தால் அவர் நிலைமை மோசம் என்று பொருள். வார்டில் செவிலியர் ‘பல்னோய் ப்லோஹ்’ என்றால் உடனே எழுந்து போக வேண்டும். இங்கே பல்னோய் என்பது நோயாளி என்ற பெயர்ச்சொல், வசவு இல்லை. அதேபோல் ‘தியஜோலி பல்னோய்’ என்றால் எடை கூடியவர் அல்ல, கவலைக்கிடமானவர்.

‘ஸ்பஸோப்னி’ திறமைசாலி. ‘ஸ்பஸோபென் நா ஃப்ஸ்யோ’ என்றால் எதற்கும் துணிந்தவன். முதலாவது சிபாரிசுக் கடிதத்தில் எழுதலாம். இரண்டாவது எச்சரிக்கை.

கடைக்குப் போனால் இதே தவறு காசைத் தின்னும். செருப்பு இறுக்குகிறது என்று சொல்ல நினைத்து ‘மாலெங்கியெ தூஃப்ளி’ என்றால், சின்னச் செருப்பு என்று வர்ணித்ததாகத்தான் விற்பவர் எடுத்துக்கொள்வார். உங்கள் காலுக்குப் பத்தவில்லை என்பது அதில் வரவில்லை. ‘தூஃப்ளி ம்னியே மலீ’ என்று சொல்லுங்கள்: பொருள், அடுத்து ‘எனக்கு’ என்ற நான்காம் வேற்றுமை, அடுத்து குறுவடிவம். தொளதொளவென்று இருந்தால் ‘வெலிகி’. கொஞ்சம்தான் பிடிக்கிறது என்றால் ‘மலவாத்தி’. மாலெங்கி (சின்ன), பல்ஷோய் (பெரிய) இரண்டுக்கும் சொந்தமாகக் குறுவடிவம் கிடையாது. மாலி, வெலீகி என்ற வேறு இரண்டு சொற்களிலிருந்து கடன் வாங்கிக்கொள்கின்றன. அதனால்தான் மன்னன் பீட்டருக்குச் சேர்ந்த ‘வெலீகி’ மாமன்னன் என்று நிற்க, கோட்டுக்குச் சேர்ந்த ‘வெலீக்’ உடம்புக்குப் பெரிது என்று மட்டும் நிற்கிறது. (அழுத்தம் முதல் அசையில் விழுந்தால் ‘வேலிக்’ என்பது பேச்சுவழக்கில் சைக்கிள்.)

தமிழ்க் காதுக்கு இந்த வேறுபாடு அந்நியமே இல்லை. ‘அவள் நல்லவள்’ வேறு, ‘அவள் நன்றாக இருக்கிறாள்’ வேறு. ‘சட்டை சின்னது’ வேறு, ‘சட்டை பத்தவில்லை’ வேறு. ரஷ்ய வாக்கியத்தை ஆங்கிலம் வழியாகக் கட்டாமல் நேரே தமிழிலிருந்து கட்டினால் பாதித் தவறு குறையும்.

சந்தேகம் வந்தால் இப்படிச் சோதியுங்கள். பெயரடையோடு ‘எதற்கு, எதன்மேல், எதனால்’ என்ற சொல் ஒட்டி வருகிறதா? குறுவடிவம்தான்: ‘ஓன் போலென் க்ரீப்பம்’, அவனுக்கு ஃப்ளூ காய்ச்சல். எழுவாய் ‘ஏதா’ (இது) அல்லது ‘ஃப்ஸ்யோ’ (எல்லாம்) என்று தனியாக நிற்கிறதா? அப்போதும் குறுவடிவம், அஃறிணை ஒருமையில். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கிறதா? முழுவடிவம். ‘அவ்வளவு’ என்று சொல்ல, ‘தாக்’ என்பது குறுவடிவத்தோடு, ‘தகோய்’ என்பது முழுவடிவத்தோடு.

இன்னொன்று, கடுமை. ‘தி க்லூப்பி’ (நீ முட்டாள்) திட்டுதான், ஆனால் வீட்டுக்குள் அடங்கிவிடும். ‘தி க்லூப்’ மறுபேச்சுக்கு இடமில்லாத தீர்ப்பு. சொல் சிறியதாக இருப்பதால் மென்மையானது என்று நினைத்து இதைப் பயன்படுத்துகிறார்கள். உண்மை நேர்மாறு.

பின்னொட்டு எல்லாமே செல்லம் என்று நினைப்பது

‘-எங்கி’ சேர்த்தால் சொல் கொஞ்சும் என்று கேள்விப்பட்டவுடன் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டத் தொடங்குகிறார்கள். அது கொஞ்சுமா தாழ்த்துமா என்பதை அடிச்சொல்லும் பேசப்படும் பொருளும்தான் முடிவுசெய்யும். ‘நோவெங்கி’ புத்தம்புதுசு. ‘ஸ்தாரெங்கி’ பழசானாலும் மனசுக்கு நெருக்கமானது. ‘க்லூபெங்கி’ குழந்தையிடம் சொல்லும் ‘அட அசடே’. ஆனால் ‘தெஷோவெங்கி’ என்றால் மட்டமான மலிவுச் சரக்கு. விருந்துக்கு அழைத்தவரின் உடையை எளிமையாக அழகாக இருக்கிறது என்று புகழ நினைத்து ‘ப்ரோஸ்தெங்கி’ என்பதைத் தொட்டால், ‘ஏதோ சாதாரணமாக இருக்கிறது’ என்றுதான் போய்ச் சேரும்.

‘-அவாத்தி’ என்பது ‘சற்றே’ என்ற பொருள் தரும். நிறத்தோடும் சுவையோடும் தாராளமாகச் சேரும். மனிதக் குணங்களில் குறைகளோடுதான் சேரும்: ‘க்லுபவாத்தி’ கொஞ்சம் மந்தம், ‘க்ருபவாத்தி’ கொஞ்சம் முரடு. புத்திசாலி என்ற ‘ஊம்னி’யோடும் நல்ல என்ற ‘ஹரோஷி’யோடும் இதை ஒட்டமாட்டார்கள். குறையைப் பதமாகச் சொல்ல இதைவிட நல்ல கருவி இல்லை. சூப்பில் உப்பு தூக்கல் என்பதற்கு ‘ஸலனவாத்’, விலை கொஞ்சம் கூடுதல் என்பதற்குத் ‘தரகவாத்தா’. சந்தையில் பேரம் தொடங்க அந்த ஒரு சொல்லே போதும்.

‘ஓச்சென் அத்லீச்னி’

அத்லீச்னி (மிகச் சிறந்த) என்பதே உச்சம். ஓச்சென் (மிகவும்) வேண்டாம்.

‘தோல்ஸ்தி’

தடித்த என்று பொருள். புத்தகத்துக்குச் சரி. மனிதருக்குப் ‘போல்னி’.

ஆங்கிலச் சாயலை நம்புவது

‘ஸிம்பதீச்னி’ இரக்கமுள்ளவர் அல்ல, பார்க்க லட்சணமானவர். ‘அக்குராத்னி’ துல்லியமானவர் என்பதைவிட, சுத்தமும் ஒழுங்குமாக வேலை செய்கிறவர். ‘நிப்லஹோய்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்துக் ‘கெட்டதல்ல’ என்று மனம் தளராதீர்கள். ரஷ்யர் வாயில் அது பெரும்பாலும் நல்ல பாராட்டு.

பழைய பொருள் உயிரோடிருப்பதை மறப்பது

‘ஹுதோய்’ இன்றைக்கு ஒல்லி. ஆனால் ‘ஹுதோய் மீர் லூச்ஷெ தோப்ரய் ஸோரி’ என்ற பழமொழியில் அது மோசமான என்ற பழைய பொருளில் நிற்கிறது: நல்ல சண்டையைவிட மோசமான சமாதானம் மேல். ஒல்லியான சமாதானம் என்று மொழிபெயர்த்தால் ஒன்றும் விளங்காது. மாஸ்கோவின் ‘க்ராஸ்னயா ப்லோஷத்’தும் (செஞ்சதுக்கம்) அப்படித்தான். ‘க்ராஸ்னி’ இன்றைக்குச் சிவப்பு; ஒருகாலத்தில் அழகான என்று பொருள். சதுக்கத்தின் பெயர் 17ஆம் நூற்றாண்டிலிருந்து வருவது. 1917 புரட்சியின் செங்கொடிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

‘வி’ போட்டால் எல்லாம் பன்மை என்று நினைப்பது

பாதிதான் உண்மை. ஒருவரை மரியாதையாக ‘வி’ (நீங்கள்) என்றால் குறுவடிவம் பன்மையில் வரும்: ‘வி ப்ராவி’ (நீங்கள் சொல்வது சரி), ‘வி தாக் தப்ரி’ (எவ்வளவு அன்பு உங்களுக்கு). முழுவடிவமோ எதிரில் இருக்கும் ஆளைப் பார்த்து ஒருமையில் நிற்கும்: ஆணுக்கு ‘வி தகோய் தோப்ரி’, பெண்ணுக்கு ‘வி தகாயா தோப்ரயா’. இங்கேயும் பன்மை போட்டால், அவருக்குப் பின்னால் இன்னும் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.