கரையொதுங்கும் டால்பின் கன்றை மரபணு ஆய்வுக்குப் பயன்படும்படி பதிவு செய்வது எப்படி

கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வீராம்பட்டினத்திலோ டால்பின் கன்று ஒன்று இறந்து ஒதுங்கினால், கூடியவர்கள் படமெடுத்து முடித்ததும், பொழுது சாய்வதற்குள் அதை மணலில் புதைத்துவிடத்தான் எல்லோரும் விரைகிறார்கள். அந்தச் சில மணி நேரத்துக்குள் முறையாக எடுக்கப்படும் விரல்நகம் அளவுத் தோலும் ஒரு பக்கக் குறிப்பும், நம் கரையோரக் கடலில் பிறக்கும் கன்றுகளில் எவை பிழைக்கின்றன, எவை மடிகின்றன என்ற கேள்விக்கு விடை தேட உதவும். கரையோர இளைஞர்களையும் கல்லூரி மாணவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த மரபணுப் பிரதிகள் தம்முள் வேறுபட்டிருந்தால், ஒன்றிலுள்ள குறையை மற்றொன்று ஈடுகட்ட முடியும். நெருங்கிய உறவுக்குள் பிறந்த குட்டிக்கு அந்த வாய்ப்புக் குறைவு. கனடாவின் சேபிள் தீவில் ஹார்பர் சீல் என்னும் கடற்பாலூட்டியின் குட்டிகளை ஆராய்ந்து 1998இல் வெளியான ஆய்வு, பால்மறக்கும் வரை பிழைத்த குட்டிகளிடம், இடையில் இறந்தவற்றைவிட மரபணு வேறுபாடு மிகுந்திருந்ததையும், பிறப்பு எடையும் அவ்வேறுபாட்டோடு சேர்ந்து உயர்ந்ததையும் காட்டியது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் சுமார் 75 மட்டுமே எஞ்சியுள்ள ஒரு கொலைத்திமிங்கிலக் கூட்டத்தில், உட்கலப்பு (நெருங்கிய உறவுக்குள் நடக்கும் இனப்பெருக்கம்) மிகுந்தவை குறைந்த காலமே வாழ்கின்றன என்று 2023இல் வெளியான ஆய்வு கண்டது. தென் அட்லாண்டிக் கடலிலுள்ள தெற்கு ஜார்ஜியா தீவின் அன்டார்க்டிக் ஃபர் சீல்களில் நிலைமை இன்னும் நுட்பமானது. அங்கே உணவு குறைந்துவரும் காலத்தில் வேறுபாடு மிகுந்த பெண் சீல்களே பிழைத்துக் குட்டி ஈனுகின்றன என்பதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் ஒவ்வொரு குட்டியிலும் பிரதிகள் புதிதாக இணைவதால், தாயின் அந்த நலன் அப்படியே மகளுக்கு வாய்ப்பதில்லை.

இனி, கரையில் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். விலங்கு உயிரோடு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. உயிரோடு இருந்தால் வாலையோ துடுப்பையோ பிடித்து இழுக்காமலும், அவசரப்பட்டு அலைக்குள் தள்ளாமலும், நிழல் அமைத்து, ஈரத்துணி போர்த்தி, தலைமேலுள்ள மூச்சுத்துளைக்குள் நீரும் மணலும் புகாமல் காத்து, வனத்துறையினர் வரும்வரை கூட்டத்தை விலக்கி நிறுத்த வேண்டும். இறந்திருந்தாலும் வனத்துறைக்கே முதலில் தகவல் தர வேண்டும். டால்பின்களும் திமிங்கிலங்களும் கடற்பசுவும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளதால், நல்ல நோக்கத்தோடு ஒரு பல்லை எடுத்துச் செல்வதுகூடக் குற்றமாகும். நல்லவாடும் மூர்த்திக்குப்பமும் புதுச்சேரியின் பொறுப்பில் உள்ளவை; தாழங்குடாவும் தேவனாம்பட்டினமும் தமிழக வனத்துறையின் பொறுப்பில் உள்ளவை. எல்லையை ஒட்டிய கரையில் எந்தப் பக்கம் ஒதுங்கியது என்பதைத் தெளிவாகச் சொன்னால் பாதி நேரம் மிச்சமாகும்.

அதிகாரிகள் வருவதற்குள், உடலைத் தொடாமலேயே எழுதக்கூடியவை நிறைய உண்டு. இடம், நேரம், காற்றின் திசை ஆகியவற்றோடு, அன்று ஓடியது வன்னி வெள்ளமா தெண்டி வெள்ளமா (கரையோர நீரோட்டத்தின் திசைக்கு மீனவர் வழங்கும் பெயர்கள்) என்பதை அனுபவமுள்ள மீனவர் ஒருவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உடல் எங்கிருந்து மிதந்து வந்திருக்கும் என்பதை அறிய அதைவிட நல்ல சான்று கரையில் கிடைக்காது. நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் நடுப்பிளவு வரை நேர்க்கோட்டில் அளக்க வேண்டும். உடலின் வளைவைத் தொடர்ந்து அளந்தால் எண் கூடிவிடும். பிறந்து சில நாள்களே ஆன கன்றின் பக்கவாட்டில், கருப்பைக்குள் மடிந்து கிடந்ததன் அடையாளமாக வெளிர்நிறச் செங்குத்துக் கோடுகள் இருக்கும், முதுகுத்துடுப்பு துவண்டிருக்கும், தொப்புள் ஆறியிருக்காது. இம்மூன்றையும் தனித்தனியே படமெடுங்கள். அடிவயிற்றில் பிறப்புறுப்புப் பிளவும் மலவாயும் இடைவெளியோடு இருந்தால் ஆண். ஒரே நீண்ட பிளவாகவும் அதன் இருபுறமும் சிறு முலைப்பிளவுகளோடும் இருந்தால் பெண்.

வலைத்தடத்தைத் தேடுவதை இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். துடுப்பின் முன்விளிம்பிலும் வாய் ஓரத்திலும் மெல்லிய நேர்க்கோட்டு வெட்டுகள் இருந்தால் செவுள்வலையில் சிக்கியிருக்கலாம். மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் சுமார் 10 மட்டுமே எஞ்சியிருந்த வாக்கிட்டா என்னும் சிறு கடற்பன்றியை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வு, அதன் மரபணு வேறுபாடு குறைவாக இருந்தாலும் இனத்தை அழிப்பது வலையே, வலையை நிறுத்தினால் அது மீள வாய்ப்புண்டு என்று காட்டியது. வலையைக் குறிக்காமல் மரபணுவை மட்டும் ஆராய்ந்தால் பழி தவறான இடத்தில் விழும்.

திசுவை எடுப்பது வனத்துறையின் கால்நடை மருத்துவரோ அனுமதி பெற்ற ஆய்வாளரோ செய்ய வேண்டிய வேலை. கடற்பாலூட்டிகளிடமிருந்து புரூசெல்லா போன்ற கிருமிகள் மனிதருக்குப் பரவக்கூடும் என்பதால் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். வெயில் படாத பக்கத்திலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் தோலை வெட்டி, அதைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு அளவுள்ள 95 சதவீத எத்தனாலில் இட வேண்டும். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைக்கும் என்பதால் அதில் இடக்கூடாது. மை எத்தனாலில் கரைந்துவிடும். ஆகவே சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுவதும், அதே எண்ணைப் படங்களிலும் குறிப்பேட்டிலும் இடுவதும் நல்லது. அழுகிய உடலானால் பல்லோ எலும்போ கைகொடுக்கும். இந்த மாதிரி, பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்துக்குச் சென்றாலும் வேறு ஆய்வகத்துக்குச் சென்றாலும், வனத்துறையின் கடிதத்தோடுதான் செல்ல வேண்டும்.

தாயும் கன்றும் சேர்ந்து ஒதுங்கினாலோ, இறந்த பெண் சினையாக இருந்தாலோ, இரண்டிலிருந்தும் திசு எடுக்கும்படி கட்டாயம் கேளுங்கள். டால்பின் கன்றைத் தந்தை வளர்ப்பதில்லை என்பதால், தந்தை எது என்பதைப் பார்த்து அறிய முடியாது. தாயின் பங்கைக் கழித்துப் பார்த்தால்தான் தந்தையின் பங்கு தெரியும், பெற்றோர் இருவரும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதையும் அப்போது இன்னும் தெளிவாகக் கணிக்கலாம்.

ஒரே கன்றின் முடிவை வைத்து எதையும் அறுதியிட முடியாது. இறந்தவற்றை மட்டும் சேர்த்தால், பிழைத்தவை எப்படி இருந்தன என்பது தெரியாமலே போகும். நோயாலும் மெலிவாலும் இறந்த கன்றுகளோடு ஒப்பிட, நல்ல உடல்நிலையில் இருந்து வலையில் தற்செயலாகச் சிக்கி இறந்த கன்றுகளின் திசு தேவை. ஆகவே காரணம் தெரிந்துவிட்டது என்று வலைத்தடமுள்ள உடலை மாதிரி எடுக்காமல் புதைக்க விடாதீர்கள்.