பனிக்காலத்தில் மோட்டார் ஹோம் எடுக்க முன்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஜி லைசென்ஸ், அதாவது சாதாரண கார் லைசென்ஸ், கையில் இருந்தால், எயார் பிரேக் இல்லாத, 11,000 கிலோ வரையான மோட்டார் ஹோமை, அதாவது உள்ளேயே தங்கிப் படுக்கக்கூடிய வண்டியை, ஓட்டலாம். வேறு பரீட்சை இல்லை. எனக்குப் பயம் அங்கேதான். காருக்குப் பழகிய கால், பல தொன் பாரத்தையும் கார் என்றே நினைத்து பிரேக்கை மிதிக்கும்.

எங்கள் முதல் பயணம் நவம்பர் கடைசியில், 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே. ரொறன்ரோவில் நல்ல வெயில். பாரி நகர் தாண்டியதும் ஜோர்ஜியன் வளைகுடாப் பக்கமிருந்து பனி அள்ளிக் கொட்டத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் முன்னே போன லொறியின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பின்னால் பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். ஏரிக்காற்று கொண்டுவரும் பனி இப்படித்தான்: ஓர் ஊரில் கொட்டும், பக்கத்து ஊரில் வெயிலடிக்கும். ஆகவே வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வீதி நிலவரம் சொல்லும் 'ஒன்ராறியோ 511' சேவையில் போகும் வழி முழுவதையும் பாருங்கள். ஒரு நாள் பிந்தினால் குடி முழுகிப் போகாது.

ரயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் ரப்பர் இறுகி, பிடிமானம் குறைந்துவிடும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனாலும் போடுங்கள். வாடகை வண்டியென்றால் குனிந்து ரயரின் பக்கவாட்டைப் பாருங்கள்: மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் பனிச்செதில் முத்திரை இருக்க வேண்டும்.

வழுக்கும் வீதியில், வேகத்தைத் தானே ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கொன்ட்ரோலைப் போடவே கூடாது. பாலங்கள் மற்ற வீதியைவிட முந்தி உறையும், ஏறுமுன்பே வேகத்தைக் குறையுங்கள். நீல விளக்கு மின்னும் பனி வழிக்கும் வண்டியை முந்தாதீர்கள்.

தண்ணீர்க் குழாய்களை வடித்து, குழாய் உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு நிறத் திரவமான ஆர்வி அன்டிஃபிரீஸ் விடுங்கள். எஞ்சினுக்கு ஊற்றும் அன்டிஃபிரீஸ் நஞ்சு, அதைக் குடிநீர்க் குழாய்க்குள் விடவே கூடாது.

இரவு தரித்து நிற்கும்போது, ஹீட்டரின் புகை வெளியேறும் துவாரம் பனியால் மூடிப்போனால் கார்பன் மொனொக்சைட் உள்ளே திரும்பும். மணமில்லாத வாயு, தூக்கத்திலேயே உயிர் போகும். படுக்க முன், இந்த வாயு வந்தால் ஒலிக்கும் அலாரத்தின் பொத்தானை அழுத்தி, சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வழியில் பனிக்குள் மாட்டினால் இறங்கி நடக்காதீர்கள். சைலன்சர் குழாயைச் சுற்றிய பனியைக் கையால் என்றாலும் தோண்டிவிட்டு, பிறகு எஞ்சினைப் போடுங்கள்.