வாட்டர் கம்பெனி தொடங்கப் போகிறீர்களா? மிஷினை அப்புறம் பாருங்கள்

மாசி பிறந்தால் போதும், போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, நிமிஷத்துக்கு அறுபது பாட்டில் ஓடுற மிஷின் ஒண்ணு பார்த்திருக்கேன், அட்வான்ஸ் குடுத்துடலாமா?" தொழிலில் பழைய ஆட்கள் எல்லோரும் ஒருகாலத்தில் இப்படித்தான் ஆரம்பித்தோம். கேனை நன்றாகக் கழுவ வேண்டும், கையுறை போட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

தண்ணீரைப் பார்க்காமல் மிஷினுக்குப் பணம் கட்டுவது

இதைப் பார்த்தால் மட்டும் இன்னும் எரிச்சல் வருகிறது. தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் நிலவரத்தை பிர்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி) வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் இடம் அதிநுகர்வு பிர்காவில், அதாவது ஊறுவதைவிட அதிகமாகத் தண்ணீர் உறிஞ்சப்படும் பகுதியில் இருந்தால், போர்வெல்லில் எவ்வளவு தண்ணீர் பொங்கினாலும் வாட்டர் கம்பெனிக்குத் தடையில்லாச் சான்று கிடைக்காது. 2020 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, இந்தச் சான்று இல்லாமல் தண்ணீர் எடுத்த கம்பெனிகளுக்கு வரிசையாக சீல் வைத்தார்களே, கேன் கம்பெனிகள் ஸ்டிரைக் கூட செய்தார்களே, அதெல்லாம் மறந்தே போய்விட்டது போல.

கொங்குப் பக்கம் ஒரு தம்பி பேங்க் லோன் போட்டு, ஷெட் போட்டு, கழுவி நிரப்பி மூடும் ஆட்டோமேட்டிக் மிஷினை இறக்கி, ரிப்பன் வெட்ட ஆள் கூட்டி வர நாள் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் பிர்கா என்ன என்று கேட்டார். அதிநுகர்வு. மிஷின் தார்ப்பாய்க்குள் கிடந்தது, வட்டி ஓடியது. விற்றவரிடம் கேட்டால், "நாங்க மிஷின்தானே சார் விக்கிறோம்" என்றாராம். அவர் சொன்னதில் தப்பில்லை, முதலில் கேட்டிருக்க வேண்டியது நாம்தான்.

சான்று கிடைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். உப்பு ஏறிய போர்வெல் தண்ணீரில், உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ மிஷினுக்குள் போவதில் பாதி வரை கழிவாக வெளியே போகும். ஒரு நாளைக்கு 20 லிட்டர் கேன் ஆயிரம் என்றால் 20,000 லிட்டர் நல்ல தண்ணீர், அதற்கு 40,000 லிட்டர் போர்வெல்லிலிருந்து வர வேண்டும், கேன் கழுவுவது தனி. ஐப்பசி மழையில் தண்ணீரை டெஸ்டுக்குக் கொடுத்து டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) குறைவு என்று சந்தோஷப்படாதீர்கள், சித்திரையில் கொடுங்கள். கடலோரம் என்றால் கடல் நீரிலிருந்து வரும் புரோமைடு என்ற உப்பையும் பாருங்கள். கிருமியைக் கொல்ல ஓசோன் விடும்போது அது புரோமேட் என்ற கெடுதலான பொருளாக மாறும், லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் தாண்டினால் சரக்கு தேறாது.

வேகத்தில் மயங்குவது

நிமிடத்துக்கு அறுபது என்றால் எட்டு மணி நேரத்தில் 28,800 பாட்டில். யார் வாங்குவது? ஒரு லிட்டர் பாட்டிலில் பிஸ்லேரி, கின்லே, அக்வாஃபினா ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள், 2025-ல் ரிலையன்ஸும் கேம்பா ஷ்யூர் என்று இறங்கிவிட்டது. சின்ன கம்பெனிக்குச் சோறு போடுவது 20 லிட்டர் கேனும், கல்யாண மண்டபம், ஹோட்டல் பெயர் போட்ட 300 மில்லி பாட்டிலும்தான். 2025 செப்டம்பர் 22 முதல் கேனுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதம், பாட்டிலுக்கு 18-லிருந்து 5. விற்பனைக்கு இது நல்லதுதான். ஆனால் வரி பெரிய கம்பெனிக்கும் சேர்த்துத்தான் குறைந்தது, அவர்களோடு கடையில் விலைப்போட்டி போடுவது உங்கள் வேலை இல்லை. கேனையும் ஆர்டர் பாட்டிலையும் நம்பித்தான் மிஷின் எடுக்க வேண்டும் என்பது என் கணக்கு.

ப்ளோயிங் மிஷினையும் சேர்த்து வாங்குவது

ப்ரீஃபார்மை (ஊதிப் பாட்டிலாக்கும் சின்ன பிளாஸ்டிக் குழாயை) வாங்கி நாமே பாட்டில் ஊதினால் மிச்சம் என்பார்கள். பெரிய ஆர்டர் நிலையாக வந்தால் உண்மைதான், ஏனென்றால் காலி பாட்டில் ஏற்றி வரும் வண்டிக்கு நாம் கொடுப்பது பெரும்பாலும் காற்றுக்கான வாடகை. ஆனால் அதற்கு வேண்டிய உயர் அழுத்த கம்ப்ரஸர் குடிக்கிற கரண்ட்டைப் பார்த்தால் தலை சுற்றும். முதல் வருடம் பொறுங்கள்.

பழைய பாக்கெட் மிஷின்

தண்ணீர் பாக்கெட்டுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

ஐஎஸ்ஐ இல்லாததால் ஈசி என்று நினைப்பது

2024 அக்டோபரில் பிஐஎஸ் சான்று, அதாவது ஐஎஸ்ஐ முத்திரை, கட்டாயம் என்பதை எடுத்தார்கள், சரி. அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாட்டில் தண்ணீரை அதிக ஆபத்துள்ள உணவுப் பட்டியலில் சேர்த்து, வருடாந்திர ஆடிட்டைக் கொண்டுவந்ததை யாரும் பேசுவதில்லை. லேப் செலவில் கை வைக்காதீர்கள்.

கேனுக்கு டெபாசிட் வாங்காமல் விடுவது

வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் கேன் திரும்பி வராது.