மின்வணிகச் சட்டத்தைப் பிற நாடுகளோடு இசைய வைப்பது எப்படி?

வரைவு எழுதும் முன் நடப்புச் சட்டங்களைத் துழாவி, ‘எழுத்து மூலம்’, ‘கையொப்பம்’, ‘அசல்’ என்று கேட்கும் இடங்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றாகத் திருத்தப் போனால் வேலை முடியாது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே சட்டம் போதும். அதற்கு அடித்தளம், ஐ.நா.வின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையமான அன்சிட்ரல், நாடுகள் தம் சட்டத்துக்கு முன்மாதிரியாகக் கொள்ள 1996இல் தந்த மின்வணிக மாதிரிச் சட்டம். பின்னாளில் எடுத்துப் பார்க்க முடிகிற தகவல் ‘எழுத்து’க்குச் சமம் என்கிறது அதன் 6ஆம் பிரிவு. இதன் வாசகத்தை மெருகேற்ற வேண்டாம். சொல் மாறினால் நாட்டுக்கு நாடு தீர்ப்பும் மாறும்.

பெரும் சறுக்கல் கையொப்பத்தில்தான். இந்தியாவின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் டிஜிட்டல் கையொப்பம் என்ற ஒரே தொழில்நுட்பத்தைப் பிடித்துக்கொண்டது; 2008இல் திருத்த வேண்டியதாயிற்று. கையொப்ப முறை நம்பகமாக இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கும் 1996 வாசகத்தைவிட, பன்னாட்டு ஒப்பந்தங்களில் மின்னணுத் தொடர்புகள் பற்றிய 2005 ஐ.நா. உடன்படிக்கையின் 9ஆம் பிரிவே பாதுகாப்பானது. ஒப்பமிட்டவர் யார், அவர் எண்ணம் என்ன என்பது நிரூபணமானால், முறை நம்பகமானதல்ல என்று சொல்லி ஒப்பந்தத்திலிருந்து நழுவ முடியாது. ஆனால் நுகர்வோர் ஒப்பந்தங்கள் அந்த உடன்படிக்கைக்குள் வராது. அவற்றுக்குத் தனி விதி தேவை.

வெளிநாட்டுக் கையொப்பத்தை எந்த நாட்டுச் சான்று என்று பார்த்து ஒதுக்காதீர்கள். நம்பகத்தன்மை ஏறத்தாழ ஒத்திருக்கிறதா என்பதே அன்சிட்ரலின் 2001 மின்னணுக் கையொப்ப மாதிரிச் சட்டத்தின் அளவுகோல்.

உங்கள் சட்டம் பொருந்தாத ஆவணங்களின் விலக்குப் பட்டியல் உயில் போன்ற சிலவற்றோடு நிற்கட்டும். கைவசம் வைத்திருப்பவருக்குச் சரக்கைப் பெறும் உரிமை தரும் கப்பல் சரக்கு ரசீதை அதில் தள்ளிவிடாமல், கைமாற்றத்தக்க மின்னணு ஆவணங்களுக்கான அன்சிட்ரலின் 2017 மாதிரிச் சட்டப்படி ‘கைவசம்’ என்பதற்கு ஈடாக ‘கட்டுப்பாடு’ என்று எழுதுங்கள்.