காலையில் ஸ்டார்ட் ஆகாத பழைய கார்: கார்புரேட்டரைக் கழற்றுமுன்

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை பக்கம் மார்கழி விடியலில்கூட இன்ஜினை முடக்கும் அளவுக்குக் குளிர் விழாது. இருந்தும் அம்பாசடரும் பத்மினியும் காலையில் சண்டித்தனம் செய்யும். பெரும்பாலும் காரணம் உப்பும் பனி ஈரமும். வாடைக்காற்றில் வரும் உப்பு, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலும் (கேப்) பிளக் ஒயர்களிலும் படிகிறது. வெயிலில் காய்ந்து கிடக்கும்வரை தொந்தரவில்லை. இரவில் ஈரம் பட்டதும் அது கரண்டைக் கடத்தத் தொடங்கும். பிளக்குக்குப் போகவேண்டியது வழியிலேயே கசிந்துவிடும். அதனால் முதலில் ஸ்பார்க்கைப் பாருங்கள்.

செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் அதற்கும் முன்னால் பேட்டரி. இரவு முழுக்க நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக்கூடாது. டெர்மினலில் பொடி பூத்திருந்தால் எர்த் ஒயரை முதலில் கழற்றி, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கரைத்துக் கழுவி, துடைத்து, மாட்டியபின் வாசலின் தடவுங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடற்கரை வண்டியில் முதலில் அரிப்பது அதுதான்.

ஸ்பார்க் பார்க்க, ஒரு பிளக் ஒயரைக் கழற்றி வேறொரு நல்ல பிளக்கை மாட்டி, ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிளக்கின் உடம்பை இன்ஜின் இரும்பில் அழுத்திப் பிடியுங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கக்கூடாது. ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீலமாகப் பளிச்சென்று பொறி வந்தால் சரி. மஞ்சளாகவோ விட்டுவிட்டோ வந்தால் கேப்பைக் கழற்றி உள்ளும் புறமும் காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். உள்ளே மயிரிழைபோல் கருங்கோடு தெரிந்தால் துடைத்துப் பயனில்லை, கேப்பை மாற்றத்தான் வேண்டும். கேப்புக்குள் சுற்றும் ரோட்டாரின் முனையையும் கேப்பின் நடுவில் உள்ள கார்பனையும் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிக் கரண்டை வெட்டும் பாயிண்டில் படிந்ததை நைஸ் எமரியால் லேசாகத் தேய்த்து, இடைவெளியை 0.4 மி.மீ. வையுங்கள், பிளக்குக்கு 0.6 மி.மீ. சுத்தம் செய்த பாயிண்ட் சில நாளிலேயே கருகினால் அதோடு இணைந்த கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள்.

ஸ்பார்க் நன்றாக இருந்தால்தான் பெட்ரோல் பக்கம் போக வேண்டும். சில நாள் நின்ற வண்டியில் கார்புரேட்டர் கிண்ணம் வற்றியிருக்கும். பம்பில் கை லீவர் இருந்தால் இறுகும்வரை அடியுங்கள், இல்லையென்றால் பத்து விநாடி செல்ஃப், அரை நிமிடம் ஓய்வு. சோக்கை முழுக்க இழுங்கள். சோக்குக்கென்று தனி ஸ்டார்ட்டர் வழி உள்ள சோலெக்ஸ் கார்புரேட்டரில் ஆக்சிலேட்டரை மிதிக்கவே கூடாது. மிதித்தால் அந்த வழியின் உறிஞ்சல் குறைந்து சோக் வேலை செய்யாது. பெட்ரோல் வாசம் தூக்கலாக அடித்தால் பிளக் நனைந்துவிட்டது: சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தியபடியே செல்ஃப் அடியுங்கள். இடையில் பம்ப் செய்யாதீர்கள்.

இதற்குப் பிறகும் அடம்பிடித்தால் கிண்ணத்தைத் திறந்து அடியில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் உண்டு. அது காற்றின் ஈரத்தை இழுக்கும்; அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கும். பழைய பம்ப் டயாஃப்ரத்தையும் ரப்பர் ஹோஸையும் கெடுக்கும். அதிகம் ஓட்டாத வண்டியின் டேங்கைக் காலியாக வைக்காதீர்கள், மூடுவதற்குப் பிளாஸ்டிக் தார்ப்பாயும் வேண்டாம். உள்ளே அடைபட்ட ஈரம் விடிய விடிய கேப்பின் மேல்தான் இறங்கும்.